தூசி அடங்கட்டும்

மெக்கானிக்: ...கையை எடு. கிளிப்புல இருந்து கையை எடுன்னு சொல்றேன்ல.

ஆபரேட்டர்: எடுத்துட்டேன், போதுமா? வந்ததும் வராததுமா அதட்டல்.

மெக்கானிக்: இப்பத்தான் ஒரு கல் லாரி போச்சு. பாரு, தூசி இன்னும் ஆளுயரத்துக்கு நிக்குது. இந்த நேரத்துல ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தா, நம்ம கையாலயே இன்ஜினுக்கு மண்ணை ஊட்டி விடற மாதிரி.

ஆபரேட்டர்: அப்போ என்ன பண்ணலாம்ங்கறீங்க?

மெக்கானிக்: தூசி அடங்கட்டும்.

ஆபரேட்டர்: அது அடங்கறதுக்குள்ள அடுத்த லாரி வந்துடும்.

மெக்கானிக்: வரட்டும். அதுவும் அடங்கட்டும்.

ஆபரேட்டர்: அதுக்குள்ள உங்க பஸ்ஸு?

மெக்கானிக்: ...என்ன பஸ்ஸு?

ஆபரேட்டர்: ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்கறதைப் பாரு. இன்னைக்கு ஊரை விட்டே கிளம்பறீங்களாம். எங்கயோ சுரங்கத்துல வேலையாம். போனா வருஷக்கணக்குல திரும்ப மாட்டீங்களாம்.

மெக்கானிக்: யார் சொன்னா?

ஆபரேட்டர்: கேட்டுல இருக்காரே, நம்ம விசில். அவர்தான்.

மெக்கானிக்: அந்த வாட்ச்மேன் வாயில மொதல்ல ஒரு ஃபில்டர் மாட்டணும்.

ஆபரேட்டர்: நிஜந்தானா?

மெக்கானிக்: வேலை கிடைச்சது நிஜம். டிக்கெட் இந்தா, பையிலதான் இருக்கு.

ஆபரேட்டர்: சாயங்கால பஸ்ஸா?

மெக்கானிக்: ம்...

ஆபரேட்டர்: கட்டின பொண்டாட்டிகிட்ட சொல்லத் தோணல. கேட்டுல உக்காந்திருக்கறவர்கிட்ட சொல்லத் தோணியிருக்கு.

மெக்கானிக்: கட்டின பொண்டாட்டி அண்ணன் வீட்டுல போய் உக்காந்துக்கிட்டா எப்படிச் சொல்றது? கதவைத் தட்டினா உங்க அண்ணி வந்து நிக்கறாங்க. அவங்க பார்வையிலயே பாதி உயிர் போயிடுது.

ஆபரேட்டர்: அண்ணி உங்களை ஒண்ணும் சொன்னதில்லையே.

மெக்கானிக்: சொல்லியிருந்தா பரவாயில்லையே... சரி, லோடருக்கு என்ன?

ஆபரேட்டர்: சிவப்பு வந்துடுச்சு.

மெக்கானிக்: மறுபடியுமா?

ஆபரேட்டர்: மறுபடியும்தான். ஃபில்டர் அடைச்சா இந்த இண்டிகேட்டர்ல சிவப்பு ஏறும்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க? ஏறியிருக்கு, நீங்களே பாருங்க.

மெக்கானிக்: பாத்தேன், பாத்தேன். கரும்புகை வருதா?

ஆபரேட்டர்: இல்ல.

மெக்கானிக்: மேட்டுல ஏத்தும்போது மூச்சு முட்டுதா? இழுவை கொறைஞ்சிருக்கா?

ஆபரேட்டர்: அதெல்லாம் நல்லா இழுக்குது. பக்கெட் நிறைய கல்லோட ஜம்முனு ஏறுது.

மெக்கானிக்: ஆனா சிவப்பு.

ஆபரேட்டர்: ஆனா சிவப்பு.

மெக்கானிக்: ம்ம்...

ஆபரேட்டர்: என்ன ம்ம்? மெக்கானிக் ஐயா கூப்பிட்ட குரலுக்கு வரணும். ம்ம்னு இழுக்கக் கூடாது.

மெக்கானிக்: வந்துட்டேனே, ஆபரேட்டரம்மா. டவுன் கடையில இருந்து இந்த வெயில்ல... சரி, ரப்பர் மூக்கைத் தினமும் பிழிஞ்சு விடறியா?

ஆபரேட்டர்: பெட்டிக்கு அடியில தொங்குதே, அதுதானே? காலையில மொதல் வேலையே அதுதான். மூக்கைச் சிந்தி விட்டுட்டுத்தான் ஸ்டார்ட்டே பண்றேன். நேத்து ஒரு கைப்பிடி மண்ணு கொட்டிச்சு.

மெக்கானிக்: நல்லது. அது அடைச்சுக்கிட்டா அவ்வளவு மண்ணும் நேரா ஃபில்டர்ல போய் உக்காந்துக்கும்.

ஆபரேட்டர்: நின்னுக்கிட்டே பேசாதீங்க. பக்கெட் நிழலுக்கு வாங்க. கல்லு உடைக்கற கிரஷரை நிறுத்திட்டு எல்லாரும் சாப்பிடப் போயாச்சு. லாரியைத் தவிர இப்போதைக்கு ஒருத்தரும் வர மாட்டாங்க.

மெக்கானிக்: அப்பாடா... காதுல பஞ்சு வச்ச மாதிரி இருக்கு.

ஆபரேட்டர்: எனக்கு இந்த நேரம் ரொம்பப் பிடிக்கும். சத்தமெல்லாம் போனப்புறம் தூசி இறங்குது பாருங்க. மழைக்குக் கூட ஒரு அவசரம் இருக்கு. இதுக்கு ஒரு அவசரமும் இல்ல.

மெக்கானிக்: நீ இதைப் பாக்கற மாதிரி நான் பாத்ததே இல்ல. எனக்குத் தூசின்னாலே பிஸ்டன் தேயறதுதான் ஞாபகம் வருது.

ஆபரேட்டர்: தெரியுமே... நேத்து ஒரு கனவு கண்டேன். சொல்லட்டுமா?

மெக்கானிக்: சொல்லு.

ஆபரேட்டர்: சிரிக்கக் கூடாது.

மெக்கானிக்: சிரிக்கல, சொல்லு.

ஆபரேட்டர்: நம்ம வீடு. ஜன்னலெல்லாம் விரியத் திறந்து கிடக்கு. குவாரித் தூசி மொத்தமும் உள்ள வந்துடுச்சு. ஆனா எதுவும் கீழ விழல. ஒவ்வொண்ணும் அது அது இடத்துல அப்படியே நிக்குது, நடு வீட்டுல. வெயில் பட்டு பொன்னா மினுக்குது...

மெக்கானிக்: ஐயையோ.

ஆபரேட்டர்: இருங்க. நீங்க கையில துணியோட வர்றீங்க. நான் பயந்துட்டேன், எல்லாத்தையும் துடைச்சுத் தள்ளிடுவீங்கன்னு. நீங்க துடைக்கல. ஒவ்வொரு தூசிகிட்டயும், "கொஞ்சம் நகருங்க... கொஞ்சம் வழி விடுங்க"ன்னு கேட்டுக்கிட்டே வர்றீங்க. மரியாதையா!

மெக்கானிக்: ...

ஆபரேட்டர்: சிரிக்கறீங்க.

மெக்கானிக்: இல்ல... எங்க வரேன்? கேட்டுக்கிட்டே எங்க வரேன்?

ஆபரேட்டர்: என்கிட்டதான். வேற எங்க?

மெக்கானிக்: வந்து சேந்தேனா?

ஆபரேட்டர்: அதுக்குள்ள அண்ணி எழுப்பிட்டாங்க.

மெக்கானிக்: உங்க அண்ணிக்கு என் கனவுல கூட கதவை மறிக்கணும்.

ஆபரேட்டர்: உங்க கனவு இல்ல, என் கனவு... ஐயோ, அந்தா வருது லாரி.

மெக்கானிக்: வரட்டும். முந்தானையை எடுத்து மூக்கை மூடிக்கோ.

ஆபரேட்டர்: மூடிட்டேன். நீங்களும் துண்டைக் கட்டுங்க... ஆ, போச்சு. மறுபடி மொதல்ல இருந்து.

வாட்ச்மேன்: யாரு, மெக்கானிக்கா? இங்கதான் இருக்கீங்களா! காலையில பஸ் ஸ்டாண்டு பக்கம் போனப்ப உங்களை...

மெக்கானிக்: விசில்! நல்ல வேளை வந்தீங்க. அடுத்த லாரியைக் கொஞ்சம் அந்தப் பக்கமா சுத்தி விடுங்களேன். இங்க பெட்டியைத் திறக்கணும்.

வாட்ச்மேன்: அதுக்கென்ன, விட்டுடறேன். நான் என்ன கேக்க வந்தேன்னா, அந்தப் பஸ்ஸு...

மெக்கானிக்: லாரி, விசில், லாரி.

வாட்ச்மேன்: சரி சரி. எனக்கெதுக்கு ஊர் வம்பு.

ஆபரேட்டர்: பஸ் ஸ்டாண்டுல என்னண்ணே?

வாட்ச்மேன்: ஒண்ணுமில்லம்மா. கூட்டம். சரியான கூட்டம். நான் வரேன்.

ஆபரேட்டர்: என்ன ஆச்சு அவருக்கு? வாயைத் திறந்தா மூடாத மனுஷன் இப்படி ஓடறாரு.

மெக்கானிக்: லாரியைத் திருப்பப் போறாரு... இந்தா, இதைப் பிடி.

ஆபரேட்டர்: என்ன இது, புது ஃபில்டரா?

மெக்கானிக்: வெளிச் சுத்துக்கு ஒண்ணு, உள்ள போடறது ஒண்ணு. பத்திரமா எடுத்து வச்சுக்கோ. அட்டைப் பெட்டியைப் பிரிக்காத. நான் இல்லாதப்ப கடையில எதையாவது உன் தலையில கட்டிடுவாங்க.

ஆபரேட்டர்: நான் என்ன ஏமாளியா?

மெக்கானிக்: அப்படியா? சொல்லு பாக்கலாம். ரெண்டு ஃபில்டர் ஒரே அளவுல, ஒரே கலர்ல இருக்கு. எதை எடுப்பே?

ஆபரேட்டர்: ...வெள்ளையா இருக்கறதை.

மெக்கானிக்: அதான் சொன்னேன். மடிப்பைப் பாரு. ஒவ்வொரு மடிப்புக்கும் நடுவுல இடைவெளி ஒரே மாதிரி இருக்கணும். கட்டைவிரலால லேசா அழுத்தினா ஒண்ணோட ஒண்ணு போய் ஒட்டிக்கக் கூடாது. ஓரத்து ரப்பரை அமுக்கி விடு, எழும்பி வரணும். பசை விட்டுப்போன இடம் இருக்கான்னு விரலை வச்சு ஒரு சுத்து தடவிப் பாரு.

ஆபரேட்டர்: தடவியாச்சு. அப்புறம்?

மெக்கானிக்: அப்புறம் நம்ம மெஷினுக்குன்னு இருக்கற நம்பர்தானான்னு பாரு. பெட்டிக்குள்ள நுழைஞ்சுடுச்சேன்னு வேற எதையும் மாட்டக் கூடாது. ஓரத்துல ஒரு தலைமுடி போற சந்து இருந்தாலும் ஃபில்டர் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

ஆபரேட்டர்: காகிதம் தடியா இருந்தா நல்லதுதானே? ஒரு தூசி கூட போகாதே.

மெக்கானிக்: தூசி போகாது, சரி. காத்து? காத்து போகலைன்னா டீசல் எப்படி எரியும்? மூச்சு முட்டி கரும்புகையா கக்கும். தூசியும் போகக் கூடாது, காத்தும் தாராளமாப் போகணும். ரெண்டும் பண்றதுதான் ஃபில்டர்.

ஆபரேட்டர்: ...இன்னொரு தடவை சொல்லுங்க.

மெக்கானிக்: எதை?

ஆபரேட்டர்: காத்தும் தாராளமாப் போகணும். அதை.

மெக்கானிக்: ஏய்... இது இன்ஜின் விஷயம்.

ஆபரேட்டர்: இன்ஜினுக்கு இவ்வளவு யோசிக்கறீங்க! வீட்டு ஜன்னலுக்கெல்லாம் ரப்பர் ஒட்டி, ஸ்க்ரூ போட்டு முறுக்கினது யாரு? சட்டி பானை, தண்ணிக் குடம், என் பவுடர் டப்பா வரைக்கும் பாலிதீன் கவர் போட்டது யாரு? கட்டிலுக்கு மேல ஷீட் கட்டி அதுக்குள்ள படுன்னு சொன்னது யாரு?

மெக்கானிக்: குவாரி ரோட்டுல வீடு. உனக்கு இருமல் வந்துச்சு. நான் பயந்துட்டேன்.

ஆபரேட்டர்: இருமல் நின்னு போச்சு. உங்க பயம் நிக்கல. ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஸ்க்ரூவைக் கழட்டி ஜன்னலைத் திறந்தேன். கொஞ்சம் காத்து வரட்டும்னு. நீங்க என்ன பண்ணீங்க?

மெக்கானிக்: சத்தம் போடலையே.

ஆபரேட்டர்: போட்டிருக்கலாம். சண்டை போட்டு முடிச்சிருக்கலாம். நீங்க ஒரு வார்த்தை பேசல. பெரிய ஸ்க்ரூவா எடுத்துட்டு வந்து மறுபடி மூடினீங்க. அன்னைக்குத்தான் துணியை எடுத்துக்கிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்தேன்.

மெக்கானிக்: தூசி அடங்கிடுச்சு.

ஆபரேட்டர்: ...அடங்கிடுச்சுதான்.

மெக்கானிக்: வா, நீயே திறக்கறே. நான் பாக்கறேன். கிளிப்பை ஒண்ணொண்ணா எடு. மூடியைத் தட்டாத.

ஆபரேட்டர்: தட்டல.

மெக்கானிக்: வெளி ஃபில்டரை மட்டும் திருகி மெதுவா இழு. ம்... உள்ள ஒரு சின்னது இருக்கு பாரு, அதைத் தொடாத. அதை ஊதக் கூடாது, கழுவக் கூடாது, தட்டக் கூடாது. நேரம் வந்தா புதுசு மாத்தறதோட சரி. அந்தத் துணியால வாயை மூடி வை.

ஆபரேட்டர்: என் வாயையா?

மெக்கானிக்: பெட்டி வாயை!

ஆபரேட்டர்: சரி, கோவிச்சுக்காதீங்க. இந்தாங்க ஃபில்டர். டயர்ல ரெண்டு தட்டு தட்டட்டுமா? தூசி போயிடும்.

மெக்கானிக்: கொன்னுடுவேன். தட்டினா மடிப்பு கிழியும். அந்தத் தார்ப்பாயை எடு. ரெண்டு பேரும் உள்ள போவோம்.

ஆபரேட்டர்: எதுக்கு?

மெக்கானிக்: இருட்டு வேணும். ஓட்டை இருக்கான்னு பாக்கணும்ல.

ஆபரேட்டர்: ...குனிஞ்சு வாங்க. தலை இடிக்கும்.

மெக்கானிக்: டார்ச்சை ஃபில்டருக்கு உள்ள விடு. மெதுவா சுத்து.

ஆபரேட்டர்: ஐயோ...

மெக்கானிக்: என்ன, ஓட்டையா?

ஆபரேட்டர்: இல்ல. அழகா இருக்கு. மடிப்பு மடிப்பா, மஞ்சளா... நம்ம ரெண்டு பேர் கை மேலயும் கோடு கோடா விழுது, பாருங்க.

மெக்கானிக்: ஊசிமுனை மாதிரி பளிச்சுனு எங்கயாவது தெரியுதா? அதுதான் ஓட்டை.

ஆபரேட்டர்: அப்படி எதுவும் இல்ல. ஒரே சீரா இருக்கு.

மெக்கானிக்: அப்போ நல்லா இருக்கு.

ஆபரேட்டர்: இன்னொரு சுத்து சுத்தட்டுமா?

மெக்கானிக்: அதான் பாத்தாச்சே.

ஆபரேட்டர்: நான் ஃபில்டரைப் பாக்கறதுக்குக் கேக்கல.

மெக்கானிக்: ...சுத்து.

ஆபரேட்டர்: நீங்க இளைச்சுட்டீங்க.

மெக்கானிக்: இந்த வெளிச்சத்துல அப்படித்தான் தெரியும்.

ஆபரேட்டர்: சாப்பிடறீங்களா, இல்லையா?

மெக்கானிக்: சாப்பிடறேன். கடையில எதையாவது...

வாட்ச்மேன்: யாருப்பா அது தார்ப்பாய்க்குள்ள?

ஆபரேட்டர்: கல்யாணம் ஆனவங்கதாண்ணே! ஃபில்டர் பாக்கறோம்!

வாட்ச்மேன்: பாருங்க பாருங்க. நான் ஒண்ணும் பாக்கல.

மெக்கானிக்: மானம் போச்சு. வெளிய வா.

ஆபரேட்டர்: போகட்டும். ரொம்ப நாளாச்சு நம்மால யாராவது சிரிச்சு... என்ன, என்னை ஏன் அப்படிப் பாக்கறீங்க?

மெக்கானிக்: ஃபில்டர்ல ஓட்டை இல்ல. அடைப்பும் பெருசா இல்ல. இன்னும் நல்லா ஓடும். அப்போ சிவப்பு எப்படி வந்துச்சு?

ஆபரேட்டர்: எனக்கென்ன தெரியும்? நீங்கதான் மெக்கானிக்.

மெக்கானிக்: சொல்லட்டுமா?

ஆபரேட்டர்: வேணாம்.

மெக்கானிக்: மெஷின் பூரா விரல் கனத்துக்குத் தூசி. இந்த இண்டிகேட்டர் மட்டும் குளிச்சு வந்த மாதிரி இருக்கு. மரையில கூட மண்ணு இல்ல. யாரோ இதைக் கழட்டியிருக்காங்க. கழட்டி, வாயில வச்சு உறிஞ்சியிருக்காங்க. உறிஞ்சினா சிவப்பு ஏறிடும்னு அந்த யாருக்கோ நான்தான் ஒரு நாள் விளையாட்டா காட்டினேன்.

ஆபரேட்டர்: ...மண்ணு ருசியா இருந்துச்சு.

மெக்கானிக்: இருக்கும்.

ஆபரேட்டர்: எப்ப கண்டுபிடிச்சீங்க?

மெக்கானிக்: மொதல் தடவை கூப்பிட்டப்ப நிஜமாவே அடைச்சிருந்துச்சு. ரெண்டாவது தடவையே தெரிஞ்சு போச்சு.

ஆபரேட்டர்: தெரிஞ்சுமா ஒவ்வொரு தடவையும் வந்து, சும்மா சும்மா பெட்டியைத் திறந்து... அடிக்கடி திறந்தா அதுலயே தூசி போயிடும்னு சொல்வீங்களே! என்னால இன்ஜின் கெட்டுப் போச்சா?

மெக்கானிக்: திறக்கவே இல்ல.

ஆபரேட்டர்: பொய். சத்தம் கேட்டேனே. டக்கு டக்குனு.

மெக்கானிக்: கிளிப்பை மட்டும் எடுத்து எடுத்து மாட்டினேன். மூடியைத் தொடல.

ஆபரேட்டர்: அவ்வளவு நேரமா?

மெக்கானிக்: நீ மேல கேபின்ல உக்காந்து ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கிட்டே இருப்பே. பாட்டு முடியற வரைக்கும் கிளிப்பைத் தட்டிக்கிட்டு நிப்பேன்.

ஆபரேட்டர்: ...நான் நீங்க கிளம்பற வரைக்கும் பாட்டை முடிக்காம இழுத்துக்கிட்டு இருப்பேன்.

மெக்கானிக்: அதான் ஒரே சரணத்தைத் திரும்பத் திரும்பப் பாடினியா?

ஆபரேட்டர்: வேற சரணம் எனக்குத் தெரியாது.

மெக்கானிக்: ...ஃபில்டரைக் கொடு, மாட்டிடலாம். இதுவே போதும், புதுசு வேணாம். கொஞ்சம் தூசி படிஞ்ச ஃபில்டர் புதுசை விட நல்லாவே பிடிக்கும்.

ஆபரேட்டர்: கொஞ்சம் தூசி இருந்தா நல்லதா? உங்க வாயாலயா இதைக் கேக்கறேன்!

மெக்கானிக்: ஃபில்டருக்கு.

ஆபரேட்டர்: வீட்டுக்கு?

மெக்கானிக்: கிளிப்பைப் போடு. எல்லாப் பக்கமும் சமமா உக்காரணும்.

ஆபரேட்டர்: போட்டாச்சு. பதில் சொல்லாமயே போயிடுவீங்க. எனக்கு உங்க மேல இன்னும் கோவம் இருக்கு, தெரிஞ்சுக்கோங்க.

மெக்கானிக்: இருக்கட்டும்.

ஆபரேட்டர்: இருக்கட்டும்னா? நீங்க போயிட்டா அதை யார்கிட்ட காட்டறது? சுரங்கத்துக்குப் போன் போட்டா திட்ட முடியும்? அதுக்குத்தான் இன்னைக்குக் கூப்பிட்டேன். சிவப்பைப் பாக்க இல்ல. போகாதீங்கன்னு சொல்ல. சொல்லணும்னு வாயைத் திறந்தா ஃபில்டர் ஃபில்டர்னுதான் வருது... எனக்கு நீங்க வேணும். ஆனா அந்த மூடின வீட்டுக்கு என்னால வர முடியாது. ரெண்டுமே நிஜம். நான் என்ன பண்ண?

மெக்கானிக்: அழாத. கண்ணுல தூசி போயிருக்குன்னு நினைக்கப் போறாங்க.

ஆபரேட்டர்: நினைக்கட்டும்... அந்தா, கிரஷர் ஓட ஆரம்பிச்சிடுச்சு. நான் வண்டியில ஏறணும். நீங்க கிளம்புங்க.

மெக்கானிக்: ம்.

ஆபரேட்டர்: போற இடத்துல ஒழுங்கா சாப்பிடுங்க. இங்க வர்ற புது மெக்கானிக்குக்கு அனுபவம் இருக்கான்னு நானே பாத்துக்கறேன்.

மெக்கானிக்: ம்.

ஆபரேட்டர்: என்ன ம்? இப்ப ஓடினாத்தான் சாயங்கால பஸ்ஸைப் பிடிக்கலாம். இப்படிக் கல்லு மாதிரி உக்காந்திருந்தா எப்படி?

மெக்கானிக்: சாயங்கால பஸ்ஸுன்னு நீதான் சொன்னே. என் பஸ்ஸு காலையிலயே போயிடுச்சு, நான் ஏறல... நீ போன் பண்ணப்ப நான் கடையில இல்ல, நம்ம வீட்டுலதான் இருந்தேன். ஜன்னல் ஸ்க்ரூவையெல்லாம் கழட்டிக்கிட்டு.